தொடாமல் வெடிக்குமா? வீட்டில் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய ஆர்மரர் சொல்வது

2024-ல் பல்லடம் பக்கமும் 2025-ல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்களைக் கொன்றார்களே, அதற்கு அப்புறம் காங்கயத்தைச் சுற்றி எந்த விசேஷத்துக்குப் போனாலும் பேச்சு துப்பாக்கி லைசென்ஸில் வந்து நிற்கிறது. நான் ராணுவத்தில் 22 வருஷம் ஆர்மரராக இருந்தவன். ஆயுதங்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதுதான் வேலை. அதனால் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

போன மாசம் அக்கா மகன் தன் தாத்தா காலத்துப் பிஸ்டலோடு வந்தான். பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங், 1910 மாடல், .32 அளவுத் தோட்டா போடுவது. லைசென்ஸ் இப்போது அவன் பேரில் இருக்கிறது. "ஏனுங்க மாமா, அமெரிக்காவுல கையே வெக்காம வெடிச்சுதுன்னு கேஸ் போடறாங்களாமா. இதுவும் அப்படி வெடிக்குமுங்களா?" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் உள்ளே இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் பட்டாளத்தில் வைத்திருந்த 9 எம்எம் பிஸ்டலில் பின்னால் சுத்தியல் வெளியே தெரியும். ஏறி நிற்கிறதா, இறங்கி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஸ்ட்ரைக்கர் வகையில் சுத்தியலே கிடையாது. குழலுக்கு மேலே முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடுக்குள் ஸ்பிரிங் மாட்டிய ஓர் ஊசி, அதுதான் ஸ்ட்ரைக்கர். ஸ்லைடை இழுத்து விட்டால் அந்த ஊசி பின்னால் போய், சியர் என்கிற சின்னக் கொக்கியில் மாட்டிக்கொண்டு நிற்கும். உண்டிவில்லை இழுத்துப் பிடித்திருக்கிற மாதிரி. கொக்கி நழுவினால் ஊசி பாய்ந்து தோட்டாவின் முதுகில் குத்தும். கிளாக் பிஸ்டலில் ஊசி பாதிதான் இழுபட்டு நிற்கும், மீதியை ட்ரிக்கர்தான் இழுக்க வேண்டும். ட்ரிக்கரின் முகத்திலேயே ஒரு சின்னத் தகடும் உண்டு. விரல் அதை அமுக்கினால்தான் ட்ரிக்கர் நகரும்.

வழக்குகளில் அடிபடுவது சிக் சாவர் நிறுவனத்தின் பி320. 2014-ல் வந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவமே இந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே வருஷம் ஆகஸ்டில், ஸ்லைடின் பின்பக்கம் தரையில் படும்படி ஒரு கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்று தெரிய வந்தது. காரணம் எளிது. டவுன் பஸ் சடக்கென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் இல்லையா? துப்பாக்கி தரையில் பட்டு நின்றுவிடுகிறது. கனமான ட்ரிக்கர் மட்டும் தன் வேகத்தில் நகர்ந்து, விரல் அமுக்கின வேலையைச் செய்துவிடுகிறது. நிறுவனம் எடை குறைந்த ட்ரிக்கரும் சில உள்பாகங்களும் இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

அதோடு முடியவில்லை. விழாமலே, உறையில் இருக்கும்போதே வெடித்தது என்று போலீஸ்காரர்கள் உட்படப் பலர் வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் ஜார்ஜியாவில் ஒரு ஜூரி 23.5 லட்சம் டாலரும், நவம்பரில் பிலடெல்பியாவில் இன்னொரு ஜூரி 1.1 கோடி டாலரும் கொடுக்கச் சொன்னது. வாதிகள் பெரிதாகக் காட்டியது, ஊசி ஏறக்குறைய முழுசாக இழுபட்டு நிற்கிற துப்பாக்கியில் அந்த ட்ரிக்கர் தகடோ வெளிச் சேஃப்டியோ இல்லை என்பதை. ட்ரிக்கரை அழுத்தாமல் வெடிக்காது என்பது நிறுவனத்தின் வாதம். அவர்கள் ஜெயித்த வழக்குகளும் உண்டு. யார் பக்கம் நியாயம் என்பதை அந்த ஊர்க் கோர்ட்டுகள் பார்க்கட்டும். நம் வீட்டில் இருப்பது தானாகவே வெடித்தாலும் குண்டு மண்ணுக்குள் போகிற மாதிரி வைத்துக்கொள்வது மட்டும் நம் கையில் இருக்கிறது.

மாப்பிள்ளையின் பிரவுனிங்குக்கு வருவோம். அதுவும் ஸ்ட்ரைக்கர் வகைதான். இந்தக் காலத்துத் துப்பாக்கிகளில், ட்ரிக்கரை இழுக்கிற வரைக்கும் ஊசியை மறித்து நிற்கிற ஒரு கட்டை இருக்கும். இதில் கிடையாது. எல்லாப் பாரமும் சியர் மேல்தான். பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கொக்கியின் விளிம்பு, தேய்ந்த சாவியின் பல்லைப் போல மழுங்கியிருந்தது. இப்படி இருந்தால் அரம் எடுத்துத் தேய்க்காதீர்கள். கோயம்புத்தூர் லேத்துப் பட்டறையில் கொடுத்தால் இதைவிட நேர்த்தியாகக் கடைந்து தருவார்கள், அந்தத் திறமை எனக்குத் தெரியும். ஆனால் ஆயுதம் பழுது பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும். பழைய பெயிண்ட் வாளி போதும், மணல் விளிம்பு வரைக்கும் வேண்டும். குழல் வாய் அதை விட்டு நகரக் கூடாது. விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியே நீட்டி இருக்க வேண்டும். முதலில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கிற மேகசினைக் கழற்றுங்கள். அப்புறம்தான் ஸ்லைடு. இந்த வரிசை மாறவே கூடாது. என்னோடு இருந்த ஒருவர் அவசரத்தில் ஸ்லைடை முதலில் இழுத்தார். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற இடத்தில், இருந்த தோட்டா வெளியே வந்து விழுந்தது. ஆனால் மேகசினில் இருந்து அடுத்தது ஏறிவிட்டது. அதைக் கவனிக்காமல் மேகசினைக் கழற்றி, காலி மேகசினைப் போட்டு, சுத்தியலை இறக்க ட்ரிக்கரை அழுத்தினார். வாளியில் இருந்த மணல் முகம் பூராவும் தெறித்தது. வாளி இருந்ததால் மணலோடு போயிற்று. ஸ்லைடை மூன்று தடவை இழுங்கள். கடைசித் தடவை பிடித்துக்கொண்டு சேம்பருக்குள் எட்டிப் பாருங்கள், சுண்டு விரலையும் விட்டுப் பாருங்கள். ராத்திரியில் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது.

வீட்டில் சேம்பர் எப்போதும் காலியாகத்தான் இருக்க வேண்டும். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில்.

வேட்டி மடியிலோ இடுப்பு வாரிலோ செருகவே செருகாதீர்கள். ட்ரிக்கரை முழுசாக மூடுகிற கெட்டியான உறை வேண்டும். துணி உறையும் தொளதொளத்த பழைய தோல் உறையும் ஆகாது, அவை மடங்கி ட்ரிக்கருக்குள் போய்விடும். உறையில் போடும்போது கண் அதன் மேலேயே இருக்கட்டும். சட்டை நுனி, கயிறு, சாவிக்கொத்து எது வேண்டுமானாலும் விரலாக மாறும்.

கை தவறி விழுந்தால் விழட்டும். பிடிக்கப் போகாதீர்கள். தாவிப் பிடிக்கிற கை நேராக ட்ரிக்கரில்தான் போய் மாட்டும்.

தொடாமலே வெடித்துவிட்டால், முதலில் யாருக்காவது அடிபட்டதா என்று பாருங்கள். அப்புறம் மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து வையுங்கள். துடைக்கவோ பிரிக்கவோ எண்ணெய் விடவோ வேண்டாம். காலித் தோட்டா, உறை, உடுத்தியிருந்த துணி எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்து, அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். அமெரிக்க வழக்குகளில் நிபுணர்கள் மணிக்கணக்கில் சண்டை போட்டது, ட்ரிக்கரில் ஏதாவது பட்டதா இல்லையா என்பதைப் பற்றித்தான். கழுவித் துடைத்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு எந்த நிபுணரும் எதையும் காட்ட முடியாது.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இதை வெச்சுக்கலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்றான். சியர் மாற்றுகிற வரைக்கும் வேண்டாம் என்றேன். மறுநாள் காலையில் இரண்டு பேருமாகப் போய் லைசென்ஸ் உள்ள கடையில் ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தோம். அவன் அம்மாவுக்குத் தோட்டத்து வாசலில் இரண்டு பெரிய லைட்டும் ஒரு கேமராவும் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.