ஹெரால்டுக்குப் பழைய கியர் பாக்ஸ் எடுக்கப் போறவங்களுக்கு

ஸ்டாண்டர்ட் ஹெரால்டுங்கிற பழைய கார் வச்சிருக்கவங்களும், அதே சேஸியைக் குறுக்கிக் கட்டின டிரையம்ப் ஸ்பிட்ஃபயரை எங்கிருந்தோ பிடிச்சு வச்சிருக்கவங்களும் என்கிட்ட கேக்குற முதல் கேள்வி: "பாக்ஸ் பளபளன்னு இருக்கு, எடுக்கலாமா?" பளபளன்னு இருந்தா எடுக்காதீங்க. பிசுக்குப் பிடிச்சு, உள்ள பழைய ஆயிலோட கிடக்கிற பாக்ஸா பாருங்க. அது எப்படி ஓடிச்சு, யார்கிட்ட மாட்டிச்சுன்னு அந்த ஆயில்தான் சொல்லும்.

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் ஒரு கடைக்காரர் டீசல்ல கழுவி, சில்வர் பெயின்ட் அடிச்சு அடுக்கி வச்சிருப்பாரு. "அண்ணாச்சி, மாப்பிள்ளை மாதிரி வச்சிருக்கேன், பாக்கியளா?" பழைய ஆயிலு எங்கவேன்னு கேட்டா, "அத அப்பமே வடிச்சுக் கொட்டியாச்சில்லா." அந்த இடத்துலயே வெலை பாதியாகணும். ஆகலேன்னா வண்டியை எடுத்துட்டு வந்துருங்க.

முதல்ல உங்க வண்டிக்குச் சேருமான்னு பாத்துருங்க. ஹெரால்டுல முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் மாத்தும்போது பல்லு மோதாம வேகத்தை ஒண்ணாக்குற அமைப்பு) கிடையாது. 2, 3, 4-க்குத்தான். ஸ்பிட்ஃபயர்ல 1970-ல வந்த மார்க் 4-லதான் நாலுக்கும் சின்க்ரோ வந்துச்சு. அதுக்கப்புறம் வந்த ஸ்பிட்ஃபயர் 1500-ல இருக்கறது மோரிஸ் மரீனா வழி வந்த வேற பாக்ஸ். "டிரையம்ப் பாக்ஸ்தானே, உக்காந்துரும்"னு ஒருத்தர் சொன்னா, உங்க பழைய பாக்ஸைப் பக்கத்துல வச்சு, இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் பக்கத்துத் தண்டு) நீளம், அதுல உள்ள ஸ்ப்ளைன் வரிப்பல்லு, பின்பக்க ஃபிளேஞ்ச் மூணையும் அளந்துட்டு அப்புறம் பேசுங்க.

இப்ப ஆயில். டிரெய்ன் பிளக்கைக் கழட்டி, பழைய வெள்ளை வேட்டித் துணி மேல பைய வடிய விடுங்க. ஒரு லிட்டர்கூட வராது. வெயில்ல கொண்டு போய் விரிச்சுப் பாத்தா மஞ்சளா மினுமினுக்கும். அது சின்க்ரோ ரிங் தேஞ்ச பித்தளைத் தூள். லேசா இருந்தா பரவாயில்ல, வயசான பாக்ஸ்ல இருக்கத்தான் செய்யும். பழைய ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தத்தைத் துணிக்கடியில நகத்துங்க. சாம்பல் நிறத்துல களிம்பு மாதிரி ஒட்டினா தேய்மானம்தான், பயப்பட ஒண்ணுமில்ல. செதில் செதிலா, விரல்ல குத்துற மாதிரி வந்தா, பாக்ஸுக்கு அடியில கிடக்கிற தண்டு, அதாவது லே ஷாஃப்ட், தோல் உரிஞ்சிருக்கு. ஊசி ரோலர் முறிஞ்ச துண்டு ஒண்ணு வந்தாலே போதும், அது ஓடுற பாக்ஸ் இல்ல, உதிரிக்கு ஆகுற பாக்ஸ்.

ஆயில் மோர் நிறத்துல இருந்தா தண்ணி புகுந்திருக்கு. 2023 டிசம்பர்ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்தப்ப எத்தனையோ வண்டி முங்கிச்சு. அதுல சிலது இன்னமும் துண்டு துண்டா விலைக்கு வருது. தண்ணியில கிடந்த பாக்ஸ்ல, தண்ணி நின்ன மட்டத்துக்கு கியர் பல்லுல ஒரு துருக் கோடு இருக்கும். பல்லுல உள்ளதைத் தேச்சு எடுத்துரலாம். பேரிங் குண்டுல விழுந்த புள்ளி போகாது.

மேல்மூடியைக் கழட்ட விடாத ஆளுகிட்ட வியாபாரம் வேண்டாம். கொஞ்சம் போல்ட்தான், கழட்டி மாட்ட ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகாது. திறந்ததும் நேரா ரெண்டாவது கியரைப் பாருங்க, அதுதான் முதல்ல சாகும். பித்தளை ரிங்கை கியரோட கோன் (கூம்பு) மேல விரலால அழுத்திப் பிடிச்சா, ரிங் பல்லுக்கும் கியரோட சின்னப் பல்லுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி நிக்கணும். ரிங் போய்க் கியர்லயே முட்டினா ஆயுசு முடிஞ்சுது. அந்தச் சின்னப் பல்லுங்க கூர்மையா, கூரை வடிவத்துல இருக்கணும். முனை மழுங்கி உருண்டிருந்தா கியர் கழண்டு நியூட்ரலுக்கு வரும். அதுக்கு ஸ்பிரிங் மாத்திப் பிரயோஜனம் இல்ல. வண்டி நிக்கும் முன்ன அவசரப்பட்டு முதல் கியரைத் திணிச்சவன் ஓட்டின பாக்ஸ்னா முதல் கியர் பல்லு ஓரம் சிதறியிருக்கும். ரிவர்ஸையும் பாத்துக்கோங்க.

ஒரு ஸ்க்ரூடிரைவரை, லே ஷாஃப்ட் மேல கூட்டமா உக்காந்திருக்கிற கிளஸ்டர் கியருக்கு அடியில விட்டு நெம்புங்க. மேலயும் கீழயும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஆடினா, ஷாஃப்டும் ஊசி பேரிங்கும் போச்சு. இன்புட் ஷாஃப்டை ஒவ்வொரு கியரா போட்டுக் கையால சுத்துங்க: நாலாவதுல உள்ள போறதும் வெளிய வாறதும் ஒண்ணுக்கு ஒண்ணு, முதல் கியர்ல நாலு சுத்துக்குக் கிட்டத்தட்ட ஒண்ணு. எங்கயாவது 'கடக்'னு ஒரே இடத்துல தட்டினா, அந்தப் பல்லைத் தேடிக் கண்டுபிடிங்க.

லிவர் சோளக்காட்டுப் பொம்மையாட்டம் எல்லாப் பக்கமும் ஆடினா விட்டுருங்க. அது புஷ் விஷயம், காசே இல்ல. ஆயில் சீலும் அப்படித்தான். பால் பேரிங்குக்கு அதுல உள்ள நம்பரைச் சொல்லிக் கடையில கேட்டுப் பாக்கலாம். கிளட்சை மூடுற பெல் ஹவுசிங் தனியா போல்ட்ல உக்காருறது. கீறல் இருந்தா உங்க பழையதை மாட்டிக்கலாம். கியரும் சின்க்ரோவும்தான் இந்த ஊர்ல கிடைக்காத சரக்கு. காசை அங்க குடுங்க.

ஓடுற வண்டியில கேக்க வாய்ச்சா காதே போதும். 1, 2, 3-ல அழுது 4-ல வாயை மூடுனா லே ஷாஃப்ட். நாலுலயும் விடாம சத்தம் வந்தா இன்புட் இல்ல மெயின் பேரிங். நியூட்ரல்ல வாற சத்தம் கிளட்ச் மிதிச்சதும் நின்னா இன்புட் பேரிங்கைச் சந்தேகப்படுங்க. மிதிக்கும்போதுதான் வருதுன்னா ரிலீஸ் பேரிங். பாக்ஸ் மேல பழி இல்ல.

மாட்டுறதுக்கு ஹெரால்டு மாதிரி நல்ல வண்டி கிடையாது. உள்ள இருக்கிற டன்னல் மூடியைக் கழட்டி, பாக்ஸை சீட் பக்கமே இழுத்துரலாம். எஞ்சினைத் தொட வேண்டாம். ஆயில் ஜிஎல்-4 தரத்துல 80டபிள்யூ-90 ஊத்துங்க. டிஃபரன்ஷியலுக்கு வாங்கின ஜிஎல்-5 டின்லயே மிச்சம் இருக்குன்னு இதுலயும் ஊத்துற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட உண்டு. அதுல உள்ள கந்தக மருந்து பித்தளை ரிங்குக்கு ஆகாது.

அப்புறம் பாபநாசத்துல இருந்து மலை ஏறி, இறங்கும்போது மூணாவதுல ஆக்சிலேட்டரை விட்டுட்டு வாங்க. லிவரைக் கையால பிடிக்காதீங்க. அது தானா நடுவுக்கு வந்தா, கடைக்காரர்கிட்ட சொன்ன வாரண்டி வாய்வார்த்தையா எழுத்தான்னு அப்பத் தெரியும். எழுதி வாங்கிருங்க. உங்க பழைய பாக்ஸை எடைக்குப் போட்டுராதீங்க. ஸ்பீடோ கியர், மேல்மூடி, செலக்டர் ராடு எல்லாம் அதுலதான் இருக்கு.