வன்னியில் விழிப்புக்குழு போடுகிறவர்கள் விடும் பிழைகள்

போன காலபோக அறுவடை முடிந்த கையோடு எங்கள் வாழைத்தோட்டத்தில் நின்ற தண்ணீர் இறைக்கும் மெசின் களவு போனது. அன்றிரவு நாய் குரைத்தது உண்மை. நானும் கேட்டேன், பக்கத்து வளவு அக்காவும் கேட்டா, எதிர்வீட்டு ஐயாவுக்கும் கேட்டிருக்கிறது. "பன்றி வந்திருக்கும்" என்று மூன்று வீடும் திரும்பிப் படுத்துவிட்டோம். விடிய பொலிசுக்குப் போனால் முதல் கேள்வியே "மெசின் நம்பர் என்ன?" எனக்குத் தெரிந்தது அது நீல நிறம் என்பது மட்டும். எங்கள் ஊரில் ஓடுகிற மெசினில் பாதி நீலம்தான்.

அதனால் பூட்டு, கமரா எல்லாவற்றுக்கும் முதல் இதைச் சொல்கிறேன். மெசினின் தகட்டில் இருக்கும் இலக்கம், சைக்கிள் சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கம், மோட்டர்சைக்கிளின் எஞ்சின், செசி இலக்கங்கள், போனில் *#06# அடித்தால் வரும் 15 இலக்கம், இவ்வளவையும் எழுதி வையுங்கள். போனில் மட்டும் சேமித்து வைப்பது அடுத்த பிழை. களவு போவது அந்தப் போனாகவும் இருக்கலாம். கொப்பி ஒன்றில் எழுதி, வாங்கிய பில்லோடு சேர்த்து வைத்தால் போதும். மாடு வைத்திருப்பவர்கள் குறியும் காதுத்தகடும் தெரிய இரண்டு பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும். "செவலை மாடு, கொம்பு கொஞ்சம் வளைவு" என்று சொன்னால் பட்டியில் நிற்கும் எத்தனை மாட்டைக் காட்டுவது?

சாமான் போனால் முறைப்பாடு கொடுக்காமல் விடுவது எங்கள் ஆட்களிடம் ஊறிப்போன பழக்கம். பொலிஸ் வாசலை மிதிக்க மனம் வராததற்கு இங்கே காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கேயோ நாலு மெசினோடு ஒருவன் பிடிபடும்போது, முறைப்பாடு இல்லாத மெசினுக்குச் சொந்தக்காரன் இல்லை. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 1987இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி, ஆகவே அது நீங்கள் கேட்கும் சலுகை அல்ல. வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டே வெளியே வாருங்கள்.

சரி, களவைத் தடுக்க ஊரார் சேர்ந்து காவல் நிற்கும் விழிப்புக்குழுவுக்கு வருவோம். களவு நடந்த கிழமை கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கூட்டம் போடுவார்கள். முதல் இரவு பன்னிரண்டு பொடியன்கள் பொல்லும் ரோர்ச்சுமாக வீதியில் நிற்பார்கள். மூன்றாம் கிழமை இரண்டு பேர். பிறகு ஒருவரும் இல்லை. பகலெல்லாம் வயலில் நிற்கிறவனை இரவெல்லாம் நடக்கச் சொன்னால் வேறென்ன நடக்கும்? எங்கள் பக்கம் நின்று பிடித்தது சின்ன ஏற்பாடு ஒன்றுதான். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உள்ள நாலு வீடு, வீட்டுக்கு ஒரு விசில். ஒரு வீட்டு விசில் கேட்டால் மற்ற மூன்று வீடும் வெளி லைற்றைப் போட்டுச் சத்தம் வைப்பது. ஒருவர் பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அடிப்பது. இதில் யானையைக் கலைக்கப் போடும் யானை வெடியைப் பாவிக்கவே கூடாது என்று முதலே பேசிவிட்டோம். வெடி கேட்டால் யானை, விசில் கேட்டால் கள்ளன். இரண்டும் குழம்பினால் யானைக்கு முன்னால் பொல்லோடு போய் நிற்க வேண்டி வரும்.

பெரிய பிழை, ஊருக்குப் புதிதாக வருகிற ஆளையெல்லாம் சந்தேகிப்பது. 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம ஆட்கள் இரவில் வந்து தாக்குகிறார்கள் என்று, கிறீஸ் பூதம் என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவிய பயத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது வாயால் பரவிய கதை இப்போது வட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்தில் பரவுகிறது. பாய் விற்க வந்தவரின் படத்தைப் போட்டு "பிள்ளை பிடிகாரன், பகிரவும்" என்று ஒருவர் அனுப்பினால், அடுத்த ஊரில் அந்த மனிசனுக்கு அடி விழும். ஊர்காவல் என்ற சொல்லைக் கேட்டாலே வயதானவர்களுக்குப் போர்க்கால ஞாபகங்கள் வரும் இடம் இது. யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று குறிப்பெடுக்கத் தொடங்கினால் குழுவை மூடிவிடலாம். தனியாகப் பிள்ளைகளோடு இருக்கும் பெண்களின் வீட்டு விஷயத்தில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். "அந்த வீட்டில் ஆம்பிளை இல்லை, கவனியுங்கோ" என்று வட்ஸ்அப் குழுவில் எழுதுவது கள்ளனுக்கு முகவரி கொடுப்பது. கவனிக்க வேண்டியது நடப்பதை: ஆளில்லாத வளவுக்குள் வாகனம் நிற்கிறதா, இரவில் மாடு ஏற்றுகிறார்களா, லைற் போடாமல் லாண்ட்மாஸ்டர் உழவுமெசின் போகிறதா.

கண்முன்னே களவெடுத்தவனைப் பிடித்து வைக்கச் சாதாரண ஆளுக்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் அது இருக்கிறது. தாமதமில்லாமல் பொலிசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. மரத்தில் கட்டி அடித்தால் வழக்கு உங்கள் மீது திரும்பும். ஓடுகிறவனைத் துரத்திக்கொண்டு பற்றைக்குள் இறங்குவது அதைவிட மோசம். கட்டில்லாத கிணறு, பாம்பு, யானை. கண்ணிவெடி அகற்றி முடியாத இடமென்றால் சொல்லவே வேண்டாம். வேலிக் கம்பிக்கு வீட்டுக் கரண்டைக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தக் கம்பியில் முதலில் கை வைப்பது பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, ஆனாலும் விடுகிறோம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வீடே கிளம்பிப் போகும், துறப்பு நிலைக்கு மேலே இருக்கும். கோயில் வாசலில் நின்று எடுத்த குடும்பப் படம் அந்த நிமிடமே ஸ்ரேற்றஸில் ஏறும். வெளி லைற் பகலிலும் எரியும். ஆளில்லை என்பதற்கு அதைவிட வேறு அறிவித்தல் தேவையில்லை. முன்கதவுக்குப் பெரிய ஆமைப்பூட்டு, குசினிக் கதவுக்குக் கயிறு. வீட்டுத்திட்ட வீடு பல இடங்களில் இன்னும் அப்படித்தான் நிற்கிறது. துறப்பைப் பக்கத்து அக்காவிடம் கொடுத்து, பொழுதுபட லைற்றைப் போடச் சொல்லிவிட்டுப் போனால் காசு செலவில்லை. நெல் விற்ற காசை அன்றே வங்கியில் போடுங்கள். லொறி வந்து மூட்டை ஏற்றியதை ஊரே பார்த்திருக்கும்.

போன கிழமை நாய் திரும்பவும் குரைத்தது. எதிர்வீட்டு ஐயாவின் லைற் முதலில் எரிந்தது, அப்புறம் அக்காவுடையது, கடைசியாக என்னுடையது. இந்த முறை உண்மையாகவே பன்றிதான். மரவள்ளியில் இரண்டு பாத்தி போய்விட்டது.