இலக்கண வினாக்களில் வினைவடிவ ஒழுங்கைப் பேணுவது எப்படி?

பலவுள் தெரிக வகை வினாவை அமைக்கும்போது, எந்த இலக்கணக் கூற்றைச் சோதிக்கிறோமோ அது மட்டுமே விடைக்கு விடை மாற வேண்டும். வினைச்சொல்லின் மற்றக் கூறுகள் எல்லா விடைகளிலும் ஒன்றாகவே நிற்க வேண்டும். ‘மாலதி நேற்று ஊருக்கு ______’ என்று எழுதி, ‘வந்தாள், வருகிறான், வருவார்கள்’ என விடைகளைத் தந்தால், காலத்தை அறியாத மாணவரும் பாலைப் பார்த்தே ‘வந்தாள்’ என்பதைத் தேர்ந்துவிடுவார். ‘வந்தாள், வருகிறாள், வருவாள்’ என்று திருத்தினால்தான் ‘நேற்று’ என்ற சொல்லுக்கு வேலை வரும். காலம் மூன்றே என்பதால், நான்காம் விடைக்காக ‘வந்து’ போன்ற ஒன்றை வலிந்து திணிப்பதைவிட மூன்றோடு நிறுத்துவதே நல்லது.

திணை, பால், எண் இயைபைச் சோதிக்கும்போது இதற்கு மாறாகக் காலத்தை நிலையாக வைக்க வேண்டும். ‘மாடுகள் வயலில் ______’ என்பதற்கு ‘மேய்ந்தான், மேய்ந்தனர், மேய்ந்தது, மேய்ந்தன’ என்பவை பொருந்தும். இவற்றுள் தவறான ஒன்றை எடுத்துவிட்டு ‘மேய்கின்றன’ என்பதைச் சேர்த்தால், சரியான விடை இரண்டாகிவிடும்.

வேர்ச்சொல்லைக் கொடுத்து வினைமுற்று, வினையெச்சம், வினையாலணையும் பெயர், தொழிற்பெயர் ஆகியவற்றை உருவாக்கச் சொல்லும் வினா, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்குப் படிப்போருக்கு நன்கு பழகியது. இங்கே வடிவம் மாறியே ஆக வேண்டும் என்றாலும், வேர் மாறக் கூடாது; காலம் காட்டும் வடிவங்களில் காலமும் மாறக் கூடாது: ‘கேட்டான்’ (வினைமுற்று), ‘கேட்டு’ (வினையெச்சம்), ‘கேட்டவன்’ (வினையாலணையும் பெயர்). ‘கேட்டல்’ என்ற தொழிற்பெயர் காலம் காட்டாது. இவ்வகையில் மிகுந்த கவனம் வேண்டுவது, ஒரே வடிவம் பல வேலைகளைச் செய்யும் இடங்களில்தான். ‘பேருந்து வந்தது’ என்பதில் வினைமுற்றாக உள்ள ‘வந்தது’, ‘முன்னால் வந்தது சிவப்புப் பேருந்து’ என்பதில் வினையாலணையும் பெயராகிறது; ‘அவன் வந்தது எனக்குத் தெரியாது’ என்பதிலோ தொழிற்பெயர்போல நின்று வருதலையே குறிக்கிறது. ‘குயில் பாடும்’, ‘பாடும் குயில்’ என்பவற்றில் ‘பாடும்’ என்பது முறையே முற்றும் எச்சமுமாகும். இத்தகைய சொற்களைத் தொடரில் வைக்காமல் தனியே விடையாகத் தந்துவிட்டு, மதிப்பெண்ணைக் குறைப்பது முறையன்று.

‘உம்’ சேர்ந்து அடுக்கி வரும் வினைகளில் பிழை காணச் சொல்வதானால், குறைந்தது மூன்று உறுப்புகளைத் தந்து, அவற்றுள் ஒன்றை மட்டும் பிறழ வைக்க வேண்டும். ‘மாணவர்கள் படிக்கவும் எழுதவும் பேசுவதும் வேண்டும்’ என்பதில் ‘பேசவும்’ என்று திருத்த வேண்டியது தெளிவு. ஆனால் ‘அவளுக்கு நீந்தவும் பாடுவதும் பிடிக்கும்’ என்ற தொடர் சிக்கலானது. நீந்தப் பிடிக்கும் என்பதும் பாடுவது பிடிக்கும் என்பதும் தனித்தனியே வழுவற்றவை, சேர்ந்து வரும்போதுதான் தொடர் நொண்டுகிறது. ‘நீந்தவும் பாடவும்’, ‘நீந்துவதும் பாடுவதும்’ ஆகிய இரண்டுமே சரியான திருத்தங்கள் என்பதால், விடைகளில் ஒன்றை மட்டுமே சேர்க்க வேண்டும்.

கட்டளைச் சொற்களுக்கும் இந்த ஒழுங்கு உண்டு. ‘நிரப்புக’ என்று தொடங்கிய தாளில் ‘பிழையை நீக்கு’, ‘பொருத்துதல்’ என்று கலந்து வராமல், ‘நீக்குக’, ‘பொருத்துக’ என, ‘க’ என்று முடியும் வியங்கோள் வடிவிலேயே தொடர வேண்டும்.

தாளை முடித்தபின், வினாத்தொடரைக் கையால் மறைத்துக்கொண்டு விடைகளை மட்டும் படித்துப் பாருங்கள். வினாவைப் பாராமலேயே ஒரு விடை தனித்துத் தெரிந்தால், அந்த வினாவைத் திரும்ப எழுதுங்கள்.