ஏ.டபிள்யூ.எஸ். கணக்கில் பயனர், குழு, அனுமதி அமைப்பது எப்படி?

கிளவுட் கணக்கு ஒன்றைத் தொடங்கியதும் பலர் செய்வது இதுதான்: பதிவு செய்த மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கூட வேலை செய்கிற எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். வேலையும் தடையில்லாமல் நடக்கும். ஒருவர் விலகும் நாளில்தான் வினை தொடங்கும். கடவுச்சொல்லை மாற்றினால் எல்லோரும் வெளியே நிற்பார்கள்; மாற்றாவிட்டால் விலகியவர் உள்ளேயே இருப்பார். ஏதாவது அழிந்துபோய், அழித்தது யார் என்று பதிவேட்டைப் புரட்டினால் எல்லா வரியிலும் ஒரே பெயர்.

ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறேன்: நாளைக்கு இவர் போய்விட்டால் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கும்?

எடுத்துக்கொண்டிருப்பது அமேசான் வெப் சர்வீசஸ், சுருக்கமாக ஏ.டபிள்யூ.எஸ். அதில் ஆட்களையும் அனுமதிகளையும் கவனிக்கும் பகுதியின் பெயர் ஐ.ஏ.எம். இதைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் கிடையாது. பொத்தான்களின் பெயர்களைத் திரையில் உள்ள ஒலியிலேயே எழுதியிருக்கிறேன்; தேடிப் பிடிக்க வசதியாக இருக்கும்.

முதலில் நான்கு சொற்கள். யூசர் என்பது ஓர் ஆள். குரூப் என்பது ஒரே வகை வேலை செய்யும் ஆட்களின் குழு. பாலிசி என்பது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதிய ஆவணம். ரோல் சற்று வேறு வகை. ஐந்தாம் படியில் வருகிறது. அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் அவர் பார்க்கும் வேலைக்குக் கொடுப்பது என்ற இந்த ஏற்பாட்டை, அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் 1992ஆம் ஆண்டிலேயே முறையாக வரையறுத்துவிட்டார்கள்.

படி 1: ரூட் யூசரைப் பூட்டுங்கள்

கணக்கைப் பதிவு செய்த மின்னஞ்சலுக்கு உரியவர்தான் ரூட் யூசர். கணக்கையே மூடும் அதிகாரம் அவருக்கு உண்டு. நீங்கள் எழுதும் எந்த ஐ.ஏ.எம். பாலிசியும் அவரைக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் அன்றாட வேலைக்கு அவர் ஆகாது.

ரூட்டாக உள்ளே நுழைந்து, மேலே வலது மூலையில் கணக்கின் பெயரைச் சொடுக்கி, செக்யூரிட்டி கிரெடென்ஷியல்ஸ் பக்கத்துக்குப் போங்கள். எம்.எஃப்.ஏ. என்பது கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் பூட்டு. அசைன் எம்.எஃப்.ஏ. டிவைஸ் என்பதை அழுத்தினால் மூன்று வழிகள் தெரியும். கைபேசியில் உள்ள ஆதென்டிகேட்டர் செயலியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கியூ.ஆர். படம் வரும், அதை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு இரண்டு எண்கள் கேட்கும். ஒரே எண்ணை இரண்டு கட்டத்திலும் நிரப்பினால் ஏற்காது. முதல் எண்ணை இட்டு, செயலியில் எண் மாறும்வரை காத்திருந்து, அடுத்து வருவதை இரண்டாம் கட்டத்தில் இட வேண்டும்.

ஒரே கைபேசியை நம்பாதீர்கள். ஒரு பயனருக்கு எட்டு எம்.எஃப்.ஏ. சாதனங்கள் வரை சேர்க்கலாம். இரண்டாவதாக ஒன்றை இப்போதே சேர்த்துவிடுங்கள். அதே பக்கத்தில் ஆக்சஸ் கீ (நிரல்கள் கணக்கில் நுழையப் பயன்படும் சாவி) ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள். ரூட்டுக்கு ஆக்சஸ் கீ தேவைப்படும் சூழல் தொடக்க நிலையில் வரவே வராது.

படி 2: ஆட்களுக்கு முன்னால் குழுக்கள்

பெரும்பாலான விளக்கங்கள் பயனரை உருவாக்குவதில் தொடங்கும். நான் வேண்டுமென்றே குழுவில் தொடங்குகிறேன். பயனரை முதலில் உருவாக்கினால், "இப்போதைக்கு" என்று சொல்லி அனுமதியை நேராக அவர் பெயரிலேயே சேர்க்கத் தோன்றும். அந்த "இப்போதைக்கு" ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஐ.ஏ.எம். பக்கத்தின் இடப்பக்கம் யூசர் குரூப்ஸ், அதில் கிரியேட் குரூப். குழுவுக்குப் பெயர் கொடுத்து, கீழே உள்ள பட்டியலிலிருந்து ஆயத்தமாக இருக்கும் பாலிசிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடிக்கலாம். பெயர் வேலையைச் சொல்ல வேண்டும். ஆளையோ ஒரு குறிப்பிட்ட திட்டத்தையோ சொல்லக் கூடாது. சிறிய அணிக்கு நிர்வாகம், நிரலாக்கம், கணக்கு (பில்லைப் பார்ப்பவர்கள்), பார்வையாளர் என்ற நான்கு போதும்.

நிர்வாகக் குழுவுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்ஆக்சஸ். நிரலாக்கக் குழுவுக்குக் கற்கும் காலத்தில் பவர்யூசர்ஆக்சஸ் கொடுக்கலாம். சேவைகளைக் கையாள விடும், பயனர்களையும் குழுக்களையும் நிர்வகிக்க விடாது. கணக்குக் குழுவுக்கு பில்லிங். பார்வையாளர் குழுவில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ரீட்ஒன்லிஆக்சஸ் என்ற பெயரைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். ஆனால் அது எஸ்3 சேமிப்பகத்தில் உள்ள கோப்புகளைத் திறந்து படிக்கவும் விடும். என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் காட்டினால் போதும் என்றால் வியூஒன்லிஆக்சஸ் என்ற வேறொரு பாலிசி இருக்கிறது. அதைத் தேடி எடுங்கள்.

ஒரு குழுவுக்குள் இன்னொரு குழுவை வைக்க முடியாது. ஒருவர் பத்துக் குழுக்கள் வரை உறுப்பினராக இருக்கலாம். பத்தைத் தொடும் நிலை வந்தால் குழுக்களைப் பிரித்த விதத்தில்தான் கோளாறு.

படி 3: பயனர்கள்

யூசர்ஸ், கிரியேட் யூசர். பெயரைக் கொடுத்து, மேனேஜ்மென்ட் கன்சோலுக்கு (உலாவியில் நாம் வேலை செய்யும் இந்தத் திரைக்கு) அனுமதி கொடுக்கும் பெட்டியைத் தேர்வு செய்யுங்கள். இந்த இடத்தில் ஐடென்டிட்டி சென்டர் (பல கணக்குகளுக்கும் ஒரே இடத்திலிருந்து நுழையும் வசதி) என்ற வழியை ஏ.டபிள்யூ.எஸ். பரிந்துரைக்கக்கூடும். 2022வரை சிங்கிள் சைன்-ஆன் என்று அழைக்கப்பட்டது அதுதான். பல கணக்குகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும், ஆட்கள் அடிக்கடி வந்துபோகும் அணிக்கும் அதுவே சரி. ஒரே கணக்கில் கற்றுக்கொள்பவருக்கு ஐ.ஏ.எம். யூசர் போதும். குழு வாரியாகச் சிந்திக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

கடவுச்சொல்லை ஏ.டபிள்யூ.எஸ்.ஸே உருவாக்கட்டும். அடுத்த உள்நுழைவில் மாற்றச் சொல்லும் பெட்டியையும் தேர்வு செய்யுங்கள். அவர் தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்வதற்கான சிறு பாலிசி தானாகச் சேர்ந்துவிடும். அடுத்த பக்கத்தில் மூன்று வழிகள் வரும்: குழுவில் சேர்ப்பது, இன்னொருவரின் அனுமதிகளை நகலெடுப்பது, பாலிசியை நேரடியாகச் சேர்ப்பது. முதலாவதைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். இரண்டாவது வழி இருப்பதிலேயே மோசம். மூத்தவர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த அனுமதிகள் எல்லாம் புதிதாக வந்தவருக்கு ஒரே நொடியில் போய்ச் சேரும்.

முதல் பயனர் நீங்களேதான். நிர்வாகக் குழுவில் உங்களைச் சேர்த்துக்கொண்டு, ரூட்டிலிருந்து வெளியேறி, அந்தப் பெயரில் திரும்ப நுழையுங்கள். உங்களுக்கும் எம்.எஃப்.ஏ. வைத்துக்கொள்ளுங்கள். பயனர்களுக்கான உள்நுழைவு முகவரி ஐ.ஏ.எம். முகப்பில் இருக்கும், அதில் 12 இலக்கக் கணக்கு எண் வரும். அது நினைவில் நிற்காது என்றால் அங்கேயே அலியாஸ் (மாற்றுப் பெயர்) ஒன்றை வைக்கலாம்.

படி 4: உங்கள் சொந்தப் பாலிசி

ஆயத்தப் பாலிசிகள் எல்லாமே அகலமானவை. எஸ்3இல் அறிக்கைகளுக்கென்று ஒரு பக்கெட் (கோப்புகளைப் போட்டு வைக்கும் கொள்கலன்) இருக்கிறது, பார்வையாளர்கள் அதை மட்டும் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பார்வையாளர் குழுவுக்கு ரீட்ஒன்லிஆக்சஸ் கொடுத்திருந்தால் அதை நீக்கிவிட்டு, பாலிசீஸ், கிரியேட் பாலிசி என்று போங்கள். விஷுவல், ஜேசன் என்று இரண்டு முறைகள் இருக்கும்: முதலாவதில் தேர்ந்தெடுத்து அமைக்கலாம், இரண்டாவதில் பாலிசியை எழுத்தாகவே எழுதலாம். விஷுவலில் அமைத்துவிட்டு ஜேசனைத் திறந்து பார்ப்பதுதான் கற்பதற்கு நல்ல வழி.

ஜேசனில் முதலில் வெர்ஷன் என்று 2012-10-17 இருக்கும். அது பாலிசி மொழியின் பதிப்பு. இன்றைய தேதியை அங்கே எழுதினால் ஏற்காது. அதன் கீழே ஸ்டேட்மென்ட். அதற்குள் எஃபெக்ட், ஆக்‌ஷன், ரிசோர்ஸ் என மூன்று: அனுமதியா தடையா, எந்தச் செயல், எந்தப் பொருளின் மீது.

இங்கே ஒரு நுணுக்கம். எஸ்3இல் பட்டியலைப் பார்க்கும் செயலான லிஸ்ட்பக்கெட், பக்கெட்டின் மீது நடப்பது. கோப்பைப் படிக்கும் கெட்ஆப்ஜெக்ட், பக்கெட்டுக்கு உள்ளே இருப்பவற்றின் மீது நடப்பது. ஆகவே முதல் செயலுக்கு ரிசோர்ஸில் பக்கெட்டின் பெயரோடு முகவரி முடிய வேண்டும். இரண்டாவதற்கு, பக்கெட் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் இருக்க வேண்டும். இரண்டு செயல்களுக்கும் முதல் முகவரியை மட்டும் எழுதினால், பயனருக்குப் பட்டியல் அழகாகத் தெரியும். கோப்பைத் திறந்தால் ஆக்சஸ் டினைட் என்று வரும். நட்சத்திர முகவரியை மட்டும் எழுதினால் பட்டியலே வராது. "அனுமதி கொடுத்தும் வேலை செய்யவில்லை" என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தச் சாய்கோட்டைத்தான். கன்சோலின் முதல் பக்கத்தில் பக்கெட்டுகளின் பட்டியல் தெரிய வேண்டுமானால் லிஸ்ட்ஆல்மைபக்கெட்ஸ் என்ற செயலையும் தனியாகச் சேர்க்க வேண்டும். அதற்கு ரிசோர்ஸ் வெறும் நட்சத்திரம்.

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எதுவும் எழுதாவிட்டால் தடை. எங்காவது அலவ் இருந்தால் அனுமதி. ஆனால் எந்த மூலையிலாவது டினை என்று ஒன்று இருந்தால் அதுவே வெல்லும். ஆயிரம் அலவ் இருந்தாலும் செல்லாது. எனவே டினையை அரிதாகவே எழுதுங்கள். கண்ட இடத்தில் எழுதி வைத்தால் பிறகு அதைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

பாலிசியைச் சேமித்து, பார்வையாளர் குழுவில் சேருங்கள்.

படி 5: இயந்திரங்களுக்கு ரோல்

ஈசி2 சர்வரில் (ஏ.டபிள்யூ.எஸ். வாடகைக்குத் தரும் கணினியில்) ஓடும் நிரல் ஒன்று அதே பக்கெட்டைப் படிக்க வேண்டும். யாரோ ஒருவரின் ஆக்சஸ் கீயை உருவாக்கி நிரலுக்குள் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்தால் அந்த ஆள் விலகும் நாளில் நிரலும் கூடவே நிற்கும். நிற்கக் கூடாது என்று பயந்து சாவியை விட்டுவைத்தால், விலகியவரின் கையில் சாவி இருக்கும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இரண்டு விடையும் தவறு.

சரியான வழி ரோல். அதற்குக் கடவுச்சொல் இல்லை, நிரந்தரச் சாவியும் இல்லை. தேவைப்படும்போது தற்காலிகச் சாவி ஒன்று கிடைக்கும். நேரம் முடிந்ததும் செல்லாமல் போகும். புதியது தானாக வரும். ரோல்ஸ், கிரியேட் ரோல் என்று போய், ஏ.டபிள்யூ.எஸ். சர்வீஸ், அதில் ஈசி2 என்று தேர்ந்தெடுங்கள். பாலிசியைச் சேர்த்துப் பெயரிடுங்கள். பிறகு ஈசி2 பக்கத்தில் சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஆக்‌ஷன்ஸ், செக்யூரிட்டி, மாடிஃபை ஐ.ஏ.எம். ரோல்.

மைக்ரோசாஃப்ட் அஷூர், கூகிள் கிளவுட் இரண்டையும் தொட்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ரோல் என்றால் அனுமதிகளின் தொகுப்பு: அஷூரில் ஓனர், கான்ட்ரிபியூட்டர், ரீடர், கூகிளில் ஓனர், எடிட்டர், வியூவர். ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் ரோல் என்பது ஒருவர் சிறிது நேரம் ஏற்றுக்கொள்ளும் அடையாளம். இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாவிட்டால் மூன்றும் குழம்பும்.

படி 6: அந்தப் பயனராகவே நுழைந்து பாருங்கள்

உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, சோதனைக்கென்று உருவாக்கிய பயனராக நுழையுங்கள். நடக்க வேண்டியது நடக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், நடக்கக் கூடாத ஒன்றையும் முயன்று பாருங்கள். பார்வையாளராக ஒரு கோப்பை அழிக்க முயலுங்கள், மறுக்க வேண்டும். இப்போதுதான் அனுமதியை மாற்றினீர்கள் என்றால் சற்றுப் பொறுங்கள், மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சில நொடிகள் ஆகலாம்.

கணக்குக் குழுவைச் சோதிக்கும்போது பில்லிங் பாலிசி இருந்தும் பில் பக்கம் திறக்காமல் போகலாம். பாலிசியில் தவறு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தனியாகத் தொடங்கிய கணக்கில், ரூட்டாக நுழைந்து, அக்கவுன்ட் பக்கத்தில் ஐ.ஏ.எம். பயனர்களுக்கு பில்லிங் தகவலைத் திறந்துவிடும் அமைப்பை ஒருமுறை இயக்க வேண்டும். ரூட் தேவைப்படும் அபூர்வமான வேலைகளில் இதுவும் ஒன்று.

படி 7: ஒருவர் விலகும்போது

பயனரின் பக்கத்தில் செக்யூரிட்டி கிரெடென்ஷியல்ஸ். முதலில் கன்சோல் அனுமதியை முடக்குங்கள். அடுத்து, ஆக்சஸ் கீ இருந்தால் அழிக்காமல் இன்ஆக்டிவ் என்று மாற்றுங்கள். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு சாவிகள்தான் இருக்க முடியும், இரண்டையும் பாருங்கள். இன்ஆக்டிவ் ஆக்கினால் ஏதாவது நிரல் நின்றதா என்று தெரிந்துகொள்ளலாம், அவசரமானால் திரும்ப இயக்கலாம். அழித்த சாவி திரும்பி வராது. எதுவும் உடையவில்லை என்று உறுதியானதும் பயனரை நீக்குங்கள்.

அவர் ரோல் ஏதாவது ஏற்றுப் பயன்படுத்தியவராக இருந்தால், கையில் உள்ள தற்காலிகச் சாவி அதன் நேரம் முடியும்வரை செல்லும். ஒரு மணி நேரம் வழக்கம். ரோலின் அமைப்பைப் பொறுத்து 12 மணி நேரம் வரை போகலாம். காத்திருக்க முடியாது என்றால் அந்த ரோலின் பக்கத்தில் ரிவோக் செஷன்ஸ் இருக்கிறது. ஆனால் அது அந்த நிமிடம்வரை ரோலை ஏற்ற எல்லோரையும் வெளியேற்றும், சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

படி 8: அவ்வப்போது ஒரு பார்வை

இடப்பக்கம் கிரெடென்ஷியல் ரிப்போர்ட் என்று ஒன்று இருக்கிறது. பதிவிறக்கினால் விரிதாளாகத் திறக்கலாம். பயனருக்கு ஒரு வரி: கடைசியாக எப்போது நுழைந்தார், எம்.எஃப்.ஏ. இருக்கிறதா, சாவியைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினார். மாதக்கணக்கில் தொடாத சாவியை இன்ஆக்டிவ் ஆக்குங்கள். ஏழாம் படியில் சொன்ன அதே வரிசைதான். குழுக்களுக்கும் ரோல்களுக்கும் லாஸ்ட் ஆக்சஸ்டு என்ற தாவல் உண்டு. கொடுத்த அனுமதியில் எந்தச் சேவை உண்மையில் பயன்பட்டது என்று காட்டும். நிரலாக்கக் குழுவின் பவர்யூசர்ஆக்சஸை எதுவரை சுருக்கலாம் என்பதற்கு அந்தப் பட்டியலே ஆதாரம்.

ரிப்போர்ட்டில் ரூட்டுக்கும் ஒரு வரி உண்டு. அதில் எம்.எஃப்.ஏ. ட்ரூ என்றும் ஆக்சஸ் கீ இரண்டும் ஃபால்ஸ் என்றும் இல்லாவிட்டால், மற்ற வரிகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு முதல் படிக்குப் போங்கள்.