கைப்பேசிப் படங்களைக் கம்பியில்லாமல் கணினிக்கு அனுப்பும்போது நடக்கும் தவறுகள்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் அம்மா பால்குடம் எடுத்ததைத் தம்பி கைப்பேசியில் படம் பிடித்தான். 513 படிகளும் ஏறி உச்சிக்கு வந்த நேரத்து முகம் அது. வீட்டுக்கு வந்ததும் படங்களைக் குடும்பக் குழுவில் போட்டான். கைப்பேசியில் இடம் இல்லையென்று அங்கிருந்து அழித்தும்விட்டான். நான்கு மாதம் கழித்து, பெரிதாக அச்சடித்துச் சட்டம் போடலாம் என்று கேட்டபோதுதான் தெரிந்தது, எங்களிடம் இருந்தவை சுருங்கிய நகல்கள் மட்டுமே. அந்த மூலப் படங்கள் இனி கிடைக்காது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம்மில் பலர் படத்தைக் கணினிக்கு மாற்றப் புலனத்தைத்தான், அதாவது வாட்ஸ்அப்பைத்தான் பயன்படுத்துகிறோம். அது படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் ஓரளவு சுருக்கவே செய்யும். படமாக அனுப்பாமல் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். கோப்பு அப்படியே போய்ச் சேரும், 2 ஜிபி வரை.

இதைவிடப் பெரிய தவறு, சரிபார்க்கும் முன்பே அழிப்பது. கணினியில் வந்து சேர்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள், கோப்பின் அளவை ஒப்பிடுங்கள், காணொளியைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் வைஃபை அறுந்திருந்தால் பாதிக் கோப்பு வந்து நிற்கும். பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. தவறி அழித்துவிட்டால் உடனே தேடுங்கள். ஐபோனில் அழித்த படம் 30 நாள் வரை தனிக் கோப்புறையில் இருக்கும்.

புளூடூத் சிறு கோப்புகளுக்குச் சரி. 1 ஜிபி காணொளி என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிடும். ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் இடையே கூகுளின் குவிக் ஷேர் செயலி போதும். ஐபோனும் விண்டோஸும் என்றால், ஆப்பிள் கருவிகளுக்கு இடையே மட்டும் கோப்பு அனுப்பும் ஏர்டிராப் உதவாது. லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலியை இரண்டிலும் போட்டுக்கொள்ளுங்கள். அது இணையத்துக்குப் போகாமல் வீட்டு வைஃபைக்குள்ளேயே அனுப்பிவிடும்.

சரி, செயலி இருந்தும் கணினி கண்ணில் படவில்லையா? கைப்பேசி ஒரு வைஃபையிலும் கணினி 'விருந்தினர்' வைஃபையிலும் இருக்கலாம். காப்பிக்கடை வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் தடுத்து வைத்திருப்பார்கள், அது நல்லதுதான். வீட்டிலேயே இப்படி என்றால், விண்டோஸில் உங்கள் வைஃபை 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். வீட்டு இணைப்புக்கு மட்டும் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். கைப்பேசியில் விபிஎன், அதாவது இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் செயலி, ஓடினால் அதையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள்.

கடைசியாக, அச்சுக்கடைக் கணினி. மைகார்டு, அதாவது மலேசிய அடையாள அட்டை, நகல் எடுக்கப் போகிற அவசரத்தில் அங்கேயே கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து புலனத்தைத் திறக்கிறோம், நகலை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறோம். அடுத்து வருகிறவர் உங்கள் உரையாடல்களை எல்லாம் படிக்கலாம். வயதான அப்பா அம்மாவின் கைப்பேசியில் இன்றே 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து, தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றிவிடுங்கள். அப்புறம், கடையை விட்டுக் கிளம்பும் முன் அந்தக் கணினியின் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் கிடக்கும் மைகார்டு படத்தையும் அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள்.