ஐ.சி.யூ ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: அளவு தேறுவதும் ஆள் தேறுவதும் ஒன்றல்ல

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், இதயம் என உறுப்புகள் அடுத்தடுத்துத் தளரும்போது, 'மல்டி ஆர்கன் ஃபெயிலியர்' என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போன அன்றிரவே உறவினர்கள் கைப்பேசியில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கண்ணில் படுவது பெரும்பாலும் ஏதோ ஓர் ஆய்வைப் பற்றிய ஒற்றை வரிச் செய்திதான். இன்ன மருந்து உயிரிழப்பைப் பாதியாகக் குறைத்தது, இன்ன கருவி சிறுநீரகத்தைக் காப்பாற்றியது என்று அது சொல்லும். அந்த வரியை நம்பி ஏமாந்தவர்கள் உறவினர்கள் மட்டுமல்லர். கடந்த 25 ஆண்டுகளில் இத்துறை வல்லுநர்களே பலமுறை அப்படி நம்பி, பிறகு தங்கள் சிகிச்சை முறையைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவ மாணவர்களும், உடல்நலச் செய்தி எழுதுவோரும், இத்தகைய ஆய்வைத் தேடிப் படிக்க நேரும் குடும்பத்தினரும் எங்கே வழுக்கி விழக்கூடும் என்பதை உண்மையான ஆய்வுகளைக் கொண்டே பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஓர் உறுப்பின் அளவு சீரானதைக் கண்டு நோயாளி பிழைத்துவிடுவார் என்று முடிவுகட்டுவது. இதற்கு நுரையீரலை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கடும் தொற்றாலோ வேறு காரணத்தாலோ நுரையீரல் முழுவதும் அழற்சியுற்று நீர் கோத்துக்கொள்ளும் நிலையை ஏ.ஆர்.டி.எஸ் என்பார்கள். இந்நிலையில் இருந்த 861 பேரை வைத்து அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் உட்செலுத்தும் காற்றை, ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என்றும் மற்றதற்கு 6 மில்லிலிட்டர் என்றும் வைத்தார்கள். முதல் சில நாட்களில் ரத்தத்தில் ஆக்சிஜன் நன்றாக இருந்தது 12 மில்லிலிட்டர் குழுவில்தான். ஆய்வை மூன்றாம் நாளோடு முடித்திருந்தால் பெரிய மூச்சே நல்லது என்று பாடநூலில் ஏறியிருக்கும். ஆனால் அக்குழுவில் 39.8 விழுக்காட்டினரும், சிறிய மூச்சுக் குழுவில் 31.0 விழுக்காட்டினரும் இறந்தார்கள். நோயுற்ற நுரையீரலில் வேலை செய்யும் காற்றறைகள் கொஞ்சம்தான். பெரிய மூச்சு அவற்றையே மிகையாக விரித்துப் புண்படுத்துகிறது, அங்கு கிளம்பும் அழற்சி ரத்தத்தில் கலந்து மற்ற உறுப்புகளையும் தாக்குகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மானிட்டரில் ஆக்சிஜன் எண் ஏறிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கிறது.

இந்த ஆய்வைச் சரியாகப் படித்தவர்கள் கூட அதில் வரும் 'கிலோ' என்ற சொல்லில் தடுக்கி விழுவதுண்டு. அது தராசு காட்டும் எடையன்று; உயரத்திலிருந்து கணக்கிடப்படும் எடை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்குக் கணக்குப்படி எடை ஏறக்குறைய 61.5 கிலோ, அவருக்கு ஒரு மூச்சுக்கு 370 மில்லிலிட்டர் போதும். அவரே 90 கிலோ இருக்கிறார் என்று தராசைப் பார்த்து அமைத்தால் அது 540 மில்லிலிட்டர் ஆகிவிடும். உடல் பருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. ஆய்வின் தலைப்பையும் முடிவையும் மட்டும் படித்துவிட்டு முறையியல் பகுதியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இது தெரியவே வராது.

ரத்த அழுத்தத்திலும் இதே கதைதான். செப்சிஸில், அதாவது தொற்றுக்கு எதிரான உடலின் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளையே தாக்கும் நிலையில், ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழுவதற்கு நைட்ரிக் ஆக்சைடு ஒரு காரணம் என்பதால், அதன் உற்பத்தியைத் தடுக்கும் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். அழுத்தம் ஏறியது, மற்ற மருந்துகளின் தேவையும் குறைந்தது. 2004இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களில் 59 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 49 விழுக்காட்டினரும் 28 நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். இலங்கையில் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து குடித்த 235 பேரிடம் பிராலிடாக்சிம் மருந்தைச் சோதித்த 2009ஆம் ஆண்டு ஆய்வும் இவ்வகைதான். நஞ்சால் முடங்கிய நொதி ரத்தத்தில் மீண்டும் இயங்கத் தொடங்கியதை ஆய்வகம் காட்டியது. இறப்போ குறையவில்லை, மருந்து பெற்ற குழுவில் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. நச்சுயியல் வகுப்பில் நொதியின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வருகிற மாணவர்களுக்கு இதை ஏற்பது கடினம். அதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த தவறு, ஒரே மருத்துவமனையில் கிடைத்த வியப்பான முடிவை உலகம் முழுவதற்குமான விதியாக்குவது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 2001இல், அறுவை சிகிச்சை ஐ.சி.யூவில் இருந்த 1548 பேரில் ஒரு பகுதியினருக்கு இன்சுலின் மூலம் ரத்தச் சர்க்கரையை 80 முதல் 110 மில்லிகிராமுக்குள் கட்டிவைத்தார்கள். ஐ.சி.யூ இறப்பு 8.0இலிருந்து 4.6 விழுக்காடாகக் குறைந்தது. பல நாடுகளில் இம்முறை பரவியது. பிறகு 6104 பேரைச் சேர்த்துப் பல மருத்துவமனைகளில் நடந்த நைஸ்-சுகர் ஆய்வு 2009இல் வந்தபோது, சர்க்கரையை இறுக்கிப் பிடித்த குழுவில் 27.5 விழுக்காடும், 180க்குள் இருந்தால் போதும் என்று விட்ட குழுவில் 24.9 விழுக்காடும் 90 நாட்களில் இறந்திருந்தார்கள். ஆபத்தான அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்தவர்கள் முதல் குழுவில் 6.8 விழுக்காடு, மற்றதில் 0.5 விழுக்காடு. லூவன் குழுவினர் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அவர்களுடைய நோயாளிகளில் பெரும்பாலோர் இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்கள். சிரை வழியே குளுக்கோஸ் தாராளமாகப் பெற்றவர்கள். அந்தச் செவிலியர் குழுவும் அந்த வேலையில் தேர்ந்தது. அச்சூழல் இல்லாத இடத்துக்கு அந்த எண்ணை மட்டும் எடுத்துச் சென்றதுதான் பிழை.

வைட்டமின் சி விவகாரத்தில் இப்பிழை இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. வைட்டமின் சி, ஹைட்ரோகார்டிசோன், தயமின் மூன்றையும் கொடுத்த 47 செப்சிஸ் நோயாளிகளை, அதற்கு முந்தைய மாதங்களில் அதே இடத்தில் சிகிச்சை பெற்ற 47 பேரோடு ஒப்பிட்டு, இறப்பு 40.4இலிருந்து 8.5 விழுக்காடாகக் குறைந்தது என்று 2017இல் எழுதினார்கள். இது சமவாய்ப்பு முறையில் பிரித்த ஆய்வன்று. ஆயினும் செப்சிஸுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே செய்திகள் வந்தன. முறையாகப் பிரித்து வைட்டமின் சியை மட்டும் சோதித்த லோவிட் ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதில் 872 பேரில், 28ஆம் நாளுக்குள் இறந்தவர்கள் அல்லது அன்றும் உறுப்புச் செயலிழப்போடு இருந்தவர்கள் வைட்டமின் சி குழுவில் 44.5 விழுக்காடு, மருந்துப்போலி பெற்ற குழுவில் 38.5 விழுக்காடு. உறுப்புச் செயலிழப்பு ஆய்வு எதிலும் இறப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று படித்தால், மகிழ்வதற்கு முன் ஐயப்படுவதே முறை.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்ற கேள்வியில் மறைந்திருக்கும் தவறு சற்று நுட்பமானது. 'சீக்கிரம் தொடங்கினால் பிழைப்பார்' என்று பழைய பதிவேடுகளைப் புரட்டி எழுதிய பல கட்டுரைகள், டயாலிசிஸ் செய்துகொண்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுள் முன்னதாகத் தொடங்கியவர்களையும் தாமதமாகத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டன. காத்திருந்ததில் சிறுநீரகம் தானாகவே மீண்டு, டயாலிசிஸே தேவைப்படாமல் வீடு திரும்பியவர்கள் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. காத்திருப்பதன் முழுப் பலனையும் பெற்றவர்களைக் கழித்துவிட்டு, காத்திருப்பது கெடுதல் என்று சொன்னால் எப்படி? 2016இல் பிரான்சில் 620 பேரிடம் நடந்த அக்கிக்கி ஆய்வில், காத்திருக்கும் குழுவில் 49 விழுக்காட்டினருக்கு டயாலிசிஸ் தேவைப்படவே இல்லை. இறப்பும் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றே. அதே ஆண்டு ஜெர்மனியில் ஒரே மையத்தில் 231 பேரிடம் நடந்த ஆய்வு, முன்னதாகத் தொடங்குவதே நல்லது என்றது. 15 நாடுகளில் ஏறக்குறைய 3000 பேரைச் சேர்த்த ஸ்டார்ட்-ஏகேஐ ஆய்வு 2020இல் அதைத் தீர்த்துவைத்தது: இறப்பு முன்னதாகத் தொடங்கிய குழுவில் 43.9 விழுக்காடு, காத்திருந்த குழுவில் 43.7. அதோடு, முன்னதாகத் தொடங்கிய குழுவில் பிழைத்தவர்களில் 10.4 விழுக்காட்டினர் 90ஆம் நாளிலும் டயாலிசிஸை நம்பியிருந்தார்கள். மற்றக் குழுவில் அது 6.0.

இதைப் படித்துவிட்டு எதிர்த்திசையில் ஓடுவதும் தவறுதான். பொட்டாசியம் அபாய அளவுக்கு ஏறியவர்களும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறவர்களும் இத்தகைய ஆய்வுகளில் சேர்க்கப்படுவதில்லை. அவர்களுக்கு டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதற்கு இவற்றில் எந்த ஆதாரமும் கிடையாது.

யாரைச் சேர்த்தார்கள், எந்த மருத்துவமனையில் நடத்தினார்கள் என்பதைக் கேட்காமல் விடுவதன் விலை ஆப்பிரிக்காவில் தெரிந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு 2011இல் வெளியானது. சிரை வழியே திரவத்தை வேகமாக ஏற்றிய இரு குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் 10.6, 10.5 விழுக்காட்டுக் குழந்தைகள் இறந்தார்கள். அப்படி ஏற்றாத குழுவில் 7.3. செல்வ நாடுகளின் வழிகாட்டிகள் சொன்னபடி செய்ததே அங்கே கெடுதலாயிற்று. அக்குழந்தைகளில் பலருக்கு மலேரியாவும் கடும் ரத்தசோகையும் இருந்தன. நிலை மோசமானால் வைப்பதற்கு வென்டிலேட்டர் வசதியும் இல்லை. ஆனால் 'திரவம் கொல்லும்' என்று இதைச் சுருக்கி, ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசிந்து அதிர்ச்சி நிலைக்குப் போகும் நம் ஊர் டெங்குக் குழந்தைக்குப் பொருத்தக் கூடாது. டெங்குவில் அளவறிந்து ஏற்றும் திரவம்தான் சிகிச்சை.

கூட்டு விளைவு என்பதையும் கவனிக்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்தியாவில் ஏழு மையங்களில் நடத்திய இன்ட்ரஸ்ட் ஆய்வு, தமிழ்நாட்டில் பல உறுப்புகளை ஒருசேரத் தாக்கும் ஸ்கிரப் டைஃபஸ் காய்ச்சலைப் பற்றியது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கு மட்டுமே தீய விளைவு. தனித்தனியாகக் கொடுத்தபோது 47, 48. மிக நல்ல ஆய்வு, சிகிச்சையை மாற்றத் தகுந்த முடிவு. ஆனால் அந்த 33 என்பது 28 நாளுக்குள் இறப்பு, ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல், ஐந்தாம் நாளிலும் நீடிக்கும் காய்ச்சல் மூன்றையும் சேர்த்த எண். இறப்பை மட்டும் பிரித்துப் பார்த்தால் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 'கூட்டு மருந்து உயிரிழப்பைக் குறைத்தது' என்று தலைப்பிட்டால் அது ஆய்வு சொல்லாத செய்தி.

'புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கதல்ல' என்பதை 'பயனில்லை' என்று படிப்பது நேர்மாறான தவறு. ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பும் எக்மோ கருவியைப் பற்றிய 2018ஆம் ஆண்டின் இயோலியா ஆய்வில், எக்மோ குழுவில் 35 விழுக்காடும் மற்றதில் 46 விழுக்காடும் 60 நாளில் இறந்தார்கள். 249 பேர் மட்டுமே இருந்ததால் இந்த இடைவெளி உறுதியான வரம்பை எட்டவில்லை. மேலும், மற்றக் குழுவில் நிலை கைமீறிய 28 விழுக்காட்டினருக்கும் கடைசியில் எக்மோ வைக்கப்பட்டது. இதைத் தோல்வி என்பதும் தவறு, வெற்றி என்பதும் தவறு.

கோவிட் காலத்து ரெக்கவரி ஆய்வு வேறொன்றைக் காட்டியது. டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4இலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அது உதவவில்லை, அவர்களிடம் மருந்து பெறாதவர்களில் 14.0, பெற்றவர்களில் 17.8 விழுக்காடு இறப்பு என்று கெடுதலின் பக்கமே எண் சாய்ந்தது. 2021இன் இரண்டாம் அலையில் சாதாரணக் காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்கள் கூட முதல் நாளிலேயே ஸ்டீராய்டு விழுங்கினார்கள். கருப்புப் பூஞ்சை நோய் அப்போது பெருகியதற்கு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரையோடு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கடைசியாக, எந்த நாளில் தலைகளை எண்ணினார்கள் என்பது. செப்சிஸ் நோயாளிகளுக்கு ஏற்றும் திரவமாக ஸ்டார்ச் கரைசலை ரிங்கர் அசிடேட்டோடு ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டின் ஸ்காண்டிநேவிய ஆய்வில், 28ஆம் நாளில் இறப்பு ஸ்டார்ச் குழுவில் 39 விழுக்காடு, மற்றதில் 36. தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய இடைவெளி. 90ஆம் நாளில் அது 51க்கு 43 ஆகியிருந்தது. ஸ்டார்ச் குழுவில் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களும் கூடுதல். 28 நாள் கணக்கோடு நிறுத்திய கட்டுரையைப் படித்தவர், இக்கரைசல் பாதுகாப்பானது என்றே எண்ணியிருப்பார். ஐரோப்பாவில் அதன் விற்பனை அனுமதி 2022இல் நிறுத்திவைக்கப்பட்டது.