பழைய ஜீப்புக்குக் கழற்றிய அடித்தகடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி மழை ஓய்ந்து மட்டக்களப்புப் படுவான்கரைக் கிறவல் வீதிகளில் கல் தலைகாட்டத் தொடங்கியதும், வேறு வாகனத்திலிருந்து கழற்றிய அடித்தகட்டை, அதாவது கல்லடியிலிருந்து எஞ்சினைக் காக்க வாகனத்தின் அடியில் பூட்டும் தகட்டை, தேடி ஒரு கூட்டம் கிளம்பிவிடும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகு விலையைக் கேட்டவர்கள் தங்கள் பழைய பஜரோவையும் ஹைலக்ஸையும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் வாங்கி பஸ்ஸில் ஏற்றி வந்த தகடு, உடைத்த ஜீப்பிலிருந்து இறக்கிய தகடு என்று ஏதாவதொன்று கராஜ் வாசலில் கிடந்தபடியே இருக்கிறது. நாங்கள் தொழில் பழகிய காலத்துக் கோளாறுகளையே, வரிசைகூட மாறாமல், இந்தப் பிள்ளைகளும் செய்கிறார்கள். துருப்பிடித்து உதிர்கிற தகட்டை வாங்காதே, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

சம்ப்போடு ஒட்டிக் கிடக்கும் தகடு

எனக்கு இன்றுவரை எரிச்சல் தீராத தவறு இதுதான்.

வாகனம் நிற்கிறது, எஞ்சின் ஓடவில்லை. கீழே படுத்துத் தகட்டைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கும் தகட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறது. இடம் தாராளம் என்று போல்ட்டுகளை இறுக்கிவிட்டு எழும்புகிறார்கள். டீசல் எஞ்சின் வைத்த இடத்தில் அசையாமல் இருக்கிற சாமானா? பழைய டீசல் எஞ்சின்களில் காற்றை அமுக்கும் விகிதம் 20:1ஐத் தாண்டும். ஸ்டார்ட் எடுக்கும்போது அது குலுங்கும், நிறுத்தும்போது அதைவிட மோசமாகக் குலுங்கும். அதைத் தாங்குகிற மவுன்டிங் ரப்பர் வயதாகி அமுங்கிப்போனால் எஞ்சினே சற்றுக் கீழிறங்கி நிற்கும். தகட்டின் கதை வேறு. முன்பு இருந்த வாகனத்தில் ஏதோ பாறையில் அடிபட்டு அதன் நடுப்பகுதி மேல்நோக்கி எழும்பியிருக்கும். வெறும் கண்ணுக்கு அது பிடிபடாது, நேரான இரும்புச் சட்டத்தைக் குறுக்கே வைத்தால் தெரிந்துவிடும். இவ்வளவும் சேர்ந்தால் அந்தச் சுண்டுவிரல் இடம் எங்கே மிஞ்சும்?

மாதவணைப் பக்கத்து மாட்டுப்பட்டிகளிலிருந்து பால் ஏற்றும் சித்தாண்டித் தம்பி ஒருவர், தம் கெப்புக்கு இப்படி ஒரு தகடு பூட்டிக்கொண்டு வந்திருந்தார். வேறெங்கோ பூட்டியது. எஞ்சினை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அடியில் "டங்" என்று ஒரு சத்தம். கழற்றிப் பாரும் என்றேன். "அது தகட்டுச் சத்தம்தானே அண்ணன், பழகிவிட்டது" என்று சிரித்துவிட்டுப் போனார். பிறகொரு நாள் ஆற்றுப் படுகையில் தகடு பாறையில் மோதியது. இறங்கிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒயில்கூட ஒழுகவில்லை. தகடு காப்பாற்றிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பாலை ஏற்றினார்.

உண்மையில் அந்த அடியை வாங்கியது சம்ப். நடுவே இடைவெளி இல்லாத தகடு, தான் தாங்கிய அடியை அப்படியே மேலே கடத்திவிடும். சம்ப் கிழியவில்லை, உள்ளே குழிந்தது. ஒயிலை உறிஞ்சும் வலைக்குழாயின் வாய்க்கும் சம்ப்பின் அடிக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர்தான். அடி மேலெழும்பி அந்த வாயை அடைத்துவிட்டால், அளவுகோலில் ஒயில் சரியாகக் காட்டும், நிலத்தில் ஒழுக்கும் இருக்காது, எஞ்சினுக்குள் மட்டும் ஒயில் போதாமல் போகும். முதலில் ஒயில் விளக்கு எப்போதாவது கண் சிமிட்டியது. வயரைக் குறை சொன்னார். கிராங் பெயரிங் தட்டத் தொடங்கியபோதுதான் மீண்டும் வந்தார். சம்ப்பைக் கழற்றினால் அதன் அடியில் உள்ளங்கையளவு குழி, வலைக்குழாயின் வாய் அதற்குள் முத்திரை குத்தியதுபோல் பதிந்திருந்தது. கிராங்கைக் கடைந்து, பெயரிங் மாற்றி, வாகனத்தை ரோட்டில் இறக்க ஆன செலவில் புதிய தகடுகள் பல வாங்கியிருக்கலாம். தகடே பூட்டாமல் அந்தப் பாறையில் அடித்திருந்தால் சம்ப் கிழிந்து ஒயில் கொட்டியிருக்கும். அவரும் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தியிருப்பார்.

இதைத் தவிர்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். குயவரிடம் கொஞ்சம் களிமண் வாங்குங்கள். சம்ப்பின் அடியில் நான்கைந்து இடங்களில் தேசிக்காய் அளவு உருண்டைகளை ஒட்டி, தகட்டைப் பூட்டுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் எடுங்கள், நிறுத்துங்கள், மீண்டும் எடுங்கள். பிரேக்கை மிதித்தபடி கியரில் போட்டு கிளட்ச்சைக் கொஞ்சம் விடுங்கள், ரிவர்ஸிலும் அப்படியே. பிறகு தகட்டைக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் மிக மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள். ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் நான் பூட்ட மாட்டேன். மவுன்டிங் ரப்பரை முதலில் மாற்றுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் தகட்டின் தாங்கிகளுக்கு அடியில் தடித்த துண்டு வைத்து இறக்குங்கள். நிலத்திலிருந்து உள்ள உயரம் கொஞ்சம் குறையும்தான். குறையட்டும்.

ஒரே பெயர், வேறு எஞ்சின்

பஜரோத் தகடு என்று சொல்லித் தருவார்கள். பெற்றோல் பஜரோவா, டீசல் பஜரோவா? சம்ப்பின் வடிவம் வேறு, சைலன்சர் குழாய் போகிற பாதை வேறு. போல்ட் துளைகள் பொருந்துவதை மட்டும் பார்த்துக் காசைக் கொடுக்காதீர்கள்.

சேஸியில் துளையும் வெல்டிங்கும்

சேஸியில், அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தில், கம்பனி போட்டுவிட்ட துளைகள் இருக்கும்போது புதிதாக ஏன் குடைகிறீர்கள்? குடைந்தே ஆக வேண்டுமென்றால் சேஸியின் பக்கச் சுவரில் குடையுங்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வேண்டாம், வளைக்கும் பாரமெல்லாம் அந்த இரண்டிலும்தான் ஏறுகிறது. பெட்டிச் சேஸியில் போல்ட்டை ஊடுருவ விட்டு இறுக்கினால் சுவர்கள் உள்ளே சப்பிவிடும். சுவருக்குச் சுவர் முட்டும் அளவில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை உள்ளே நிறுத்தி, அதனூடாகப் போல்ட்டை விடுங்கள்.

தகட்டையே சேஸியோடு சேர்த்து வெல்டிங் செய்கிறவர்களும் உண்டு. அடுத்த முறை கியர் பெட்டியை இறக்க வரும்போது அவர்களே கிரைண்டரும் பிடிக்கட்டும். சேஸி இலக்கம் பொறித்த இடத்தின் பக்கத்தில் கிரைண்டரைக் கொண்டுபோகவே வேண்டாம், கைமாற்றும்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதில் சொல்ல நேரும்.

பற்றரி

வெல்டிங்குக்கு முன் கழற்றுங்கள்.

ஒயில் வடிக்கும் துளை

தகட்டில் அதற்கு நேரே வெட்டுங்கள். இல்லாவிட்டால் சேர்விஸ் பையன் தகட்டைக் கழற்றுவான், திரும்பிப் பூட்டும்போது இரண்டு போல்ட் குறையும்.

கனம்

6 மில்லிமீட்டர் உருக்குத் தகடு ஒரு சதுர மீட்டர் 47 கிலோ. முன்னுக்கு ஒன்று, கியர் பெட்டிக்கு ஒன்று என்று பூட்டினால் ஒரு ஆளை நிரந்தரமாக அடியில் கட்டித் தொங்கவிட்டது போலத்தான். முன்பக்கம் இறங்கும், சக்கர அலைன்மென்ட் மாறும். இங்கு ஓடுவதற்கு 4 மில்லிமீட்டர் போதும், ஓரங்களை மடித்திருந்தால்.

வைக்கோல்

இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பெரும்போக அறுவடை முடிந்த பெப்ரவரி, மார்ச்சில் உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டைக்குள் ஜீப்பை இறக்கினால், தாளும் காய்ந்த இலுக்குப் புல்லும் தகட்டின் முன் விளிம்பால் வாரப்பட்டு உள்ளே போய் அடையும். மேலே சூடேறிய சைலன்சர் குழாய் இருக்கிறது. தகடு இல்லாத வாகனத்தில் அந்தக் குப்பை தானே கீழே விழுந்துவிடும். குழாய்க்கு நேர் கீழே தகட்டை அகலமாக வெட்டித் திறந்துவிடுங்கள். வட்டையை விட்டு ஏறியதும் குனிந்து கம்பியால் கிண்டி எடுங்கள். புகை மணத்த பிறகு தீயணைக்கும் கருவியைத் தேடாதீர்கள், அது முதலிலேயே ஆசனத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

உப்பு

பனிச்சங்கேணிக் கடற்கரையிலும் பாணமை மணலிலும் ஓடினால் தகட்டின் உட்புறம் உப்பு மண் தங்கும். அலுமினியத் தகட்டை உருக்குப் போல்ட்டால் பூட்டியிருந்தால், தொடும் இடத்தில் அலுமினியம் மாவாக உதிரும். நடுவே நைலோன் வொஷர் போடுங்கள். கழுவும்போது தண்ணீர்க் குழாயைத் தகட்டுக்கு மேலே நுழைத்து அடியுங்கள்.

போல்ட்டும் அடுக்கும்

தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட்டை வாங்குங்கள். தலை தகட்டுக்கு வெளியே துருத்தி நின்றால் முதல் பாறையே அதைச் சீவிவிடும், பிறகு கழற்ற வழியில்லை. தகடுகள் இரண்டாக இருந்தால் முன்தகட்டின் பின்விளிம்பு அடுத்த தகட்டின் கீழே வர வேண்டும். மாறிப் பூட்டினால் பின்தகடு வீதியையே உழும். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் எல்லாப் போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள், டீசல் அதிர்வில் அவை கட்டாயம் தளரும்.